பச்சை வட்டமும் இரண்டு ஜோடிக் குத்துவிளக்கும்

ஆறு மாத காலம் நான் பச்சை நிறத்துக்காகவே வாழ்ந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (பச்சை என்றதும் கட்சி, கொடி என்று நினைக்க வேண்டாம். அதற்கெல்லாம் வேண்டிய துணிச்சல் எனக்குக் கிடையாது.) நான் சொல்வது கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ஒரு சின்னப் பச்சை வட்டம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அந்த வட்டத்தை நம்பி, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண வீட்டிலும் வையம்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோவிலிலும் ஒரே நாளில் தலைகுனிந்து நின்றேன். இரண்டு இடத்திலும் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் அலுவலகத்தில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு நான் திருச்சிக்குத் திரும்பியபோது, என் மனைவி நிலோஃபரின் அண்ணன் காதர் மச்சான் என்னைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை, செம்பு எல்லாம் உண்டு. அத்தோடு தென்னூரில் ஒரு கிளை, ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை, புதிதாக ஒரு வெப்சைட். கடை வளர்ந்துகொண்டே போனது. பொருள்களின் விவரம் மட்டும் அதனோடு சேர்ந்து வளரவில்லை. மலைக்கோட்டையில் இட்லிப் பானை என்று விற்ற பொருள் தென்னூரில் இட்லிக் குண்டான், ஸ்ரீரங்கத்தில் இட்லிக் கொப்பரை, வெப்சைட்டில் வேறு ஏதோ. ஒரே பாத்திரத்துக்கு நான்கு பெயர், மூன்று அளவு. வெப்சைட்டில் பார்த்துவிட்டுக் கிளைக்கு வருகிறவர்கள் அந்தப் பொருளையே கையில் வைத்துக்கொண்டு அது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இதுக்கு ஒரு மென்பொருள் இருக்கு மச்சான். பிம்னு பேரு" என்றேன்.

"பாத்திரம் தேய்க்கிறதா?"

"இல்ல மச்சான். ஒவ்வொரு பொருளோட பேரு, அளவு, எடை, போட்டோ எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சுக்கிறது. அங்க ஒரு தடவ மாத்துனா எல்லாக் கிளையிலயும் மாறிடும்."

மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் ஜெயமேரி இருக்காங்கள்ல?" என்றார்.

ஜெயமேரி அக்கா பதினெட்டு வருடமாகக் கடையில் இருப்பவர். நாலாயிரம் பொருளும் அவருக்கு மனப்பாடம். ஒரு கரண்டியின் காம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார். ஆனால் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் ஒருவர் எப்படி இருக்க முடியும்? அதைத்தான் நான் மச்சானிடம் கேட்டேன். நியாயமான கேள்விதான். இந்தக் கதையில் நான் கேட்ட கடைசி நியாயமான கேள்வியும் அதுதான்.

மென்பொருள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் என்னிடம் வந்தது. தேடிப் பார்த்ததில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று, பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி. இன்னொன்று, தென்னூரில் மாடியில் ஒற்றை அறை வைத்திருந்த பிரபு என்ற பையன். (பையன் என்கிறேன், அவருக்கும் என் வயதுதான். செருப்போடு வந்ததால் அப்படித் தோன்றியது.) பிரபு கடைக்கு வந்தார். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பழைய பில் தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே, "சார், ஒரு வாரம் நான் கடையில சும்மா உக்காந்து பாக்கணும்" என்றார்.

"எதுக்கு?"

"ஒரு பொருளையும் இன்னொரு பொருளையும் எத வச்சு வேற வேறன்னு சொல்றீங்கன்னு பாக்கணும் சார். அது தெரியாம கட்டம் போட முடியாது."

எனக்கு அது தொழில் தெரியாதவன் பேச்சாகப் பட்டது. பெங்களூர்க்காரர்கள் அப்படியெல்லாம் கேட்கவில்லை. அவர்கள் அரை மணி நேரம் திரையில் எல்லாவற்றையும் காட்டினார்கள். அதில்தான் அந்த வட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு வட்டம். விவரம் எதுவும் இல்லையென்றால் சிவப்பு. பாதி நிரப்பினால் மஞ்சள். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டால் பச்சை, நூறு சதவீதம். மனிதனுக்கு மறுமையில் கிடைக்க வேண்டிய தீர்ப்பு இங்கேயே கிடைப்பது போல இருந்தது. அன்றே கையெழுத்துப் போட்டேன்.

விவரங்களை ஏற்றும் வேலைக்கு ஜெயமேரி அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். குத்துவிளக்கு வந்தபோது அவர், "சார், விளக்குக்கு உச்சி என்னன்னு ஒரு கட்டம் வேணுமே" என்றார்.

"உச்சின்னா?"

"மேல தலையில என்ன இருக்குன்னு. அன்னம் வச்சது இருக்கு. சங்கு சக்கரம், நாமம் வச்சது இருக்கு, அது ஸ்ரீரங்கத்துல போகும். எங்க கோயிலுக்கெல்லாம் சிலுவை வச்சது. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான், அதே பட்டறை, அதே எடை."

சரி என்று "உச்சி" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். விளக்குகள் பச்சையாயின. மறுநாள் பார்த்தால் தோசைக்கல்லெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஏனென்றால் அதற்கும் உச்சி கேட்டது. அண்டா, கரண்டி, வடிதட்டு, எல்லாம் மஞ்சள். தோசைக்கல்லின் உச்சிக்கு நான் எங்கே போவேன்? அந்தக் கட்டத்தை விளக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அதற்குப் பயிற்சி வீடியோ அனுப்பியிருந்தார்கள். நாற்பது நிமிடம். நான் பார்க்கவில்லை. "உச்சி" என்ற கட்டத்தையே அழித்தேன். ஒரே நொடியில் திரை முழுக்கப் பச்சை. அந்த நொடியில் எனக்கு உண்டான நிம்மதியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உடனே மென்பொருள் பணிவாக ஒன்று கேட்டது. சில பொருள்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஒன்றாகச் சேர்த்துவிடலாமா? பித்தளை, மூன்றடி, அதே எடை, அதே பட்டறை. ஆமாம், எல்லாம் ஒன்றுதான். யாரையும் கேட்காமல் சேர்த்தேன். அத்தோடு நிற்கவில்லை. புது ஸ்டிக்கர்களை அச்சடித்து கோடவுனில் இருந்த பெட்டிகளிலெல்லாம் பழைய ஸ்டிக்கரின் மேலேயே ஒட்டச் சொன்னேன். அந்த வாரமே மச்சானிடம் போய், "ஜெயமேரி அக்கா இனிமே இங்க தேவைப்பட மாட்டாங்க, தென்னூர்ல பில் போட ஆள் இல்ல, அங்க போகட்டும்" என்றேன்.

அக்கா எழுந்தார். தன் தண்ணீர் பாட்டிலையும் மேஜைமேல் இருந்த சின்ன மாதா படத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேன் சார்" என்றார். அது எனக்கு அன்று ஒரு சாதாரண வாக்கியமாகத்தான் கேட்டது.

பத்து நாள் கழித்து ஒரு நாள் மதியம் போன் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கராஜன் என்பவர். அவர் மகளுக்கு மறுநாள் காலையில் முகூர்த்தம். அன்று மாலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. சீருக்காக எங்களிடம் மூன்றடி விளக்கு ஒரு ஜோடி வாங்கியிருந்தார்.

"உங்க கடைலேர்ந்து விளக்கு வந்தது. ரொம்ப லட்சணமா இருக்கு" என்றார்.

"சந்தோஷம் சார்."

"ஆனா பாருங்கோ, நாங்க கல்யாணத்தை சத்திரத்துலதான் வச்சுண்டிருக்கோம். சர்ச்சுல இல்லே."

எனக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். பிறகு, என் வாழ்நாளில் சொன்னவற்றிலேயே மிக மடத்தனமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"சிஸ்டத்துல பச்சையாத்தானே சார் இருக்கு? நூறு சதவீதம் காட்டுதே!"

"நேர்ல வந்து பார்த்துட்டுப் போங்கோ" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலுவை வைத்த ஜோடி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறதென்றால், சங்கு சக்கரம் வைத்த ஜோடி எங்கே? அந்த அளவில் இரண்டுமே தனியாகச் சொல்லிச் செய்தவை, ஒவ்வொரு ஜோடிதான். சிலுவை ஜோடி, வையம்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் புதிதாகக் கட்டிய கோவிலுக்குப் போக வேண்டியது. அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தக் கோவில் மந்திரிப்பு, அதாவது ஆசீர்வதித்துத் திறந்து வைப்பது. ஆயர், அதாவது பிஷப், வருகிறார். அது ஜெயமேரி அக்காவின் சொந்த ஊர். "எங்க கடையில வாங்குங்க, நான் பாத்து அனுப்புறேன்" என்று ஊராரிடம் சொல்லி அந்த ஆர்டரைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மச்சானின் காரை எடுத்துக்கொண்டு தென்னூருக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். தேவைப்படவில்லை. அக்கா கடை வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில், இன்னொரு கையில் பழைய வேட்டித் துணி.

"ஃபாதர் போன் பண்ணிட்டாரு சார்" என்றார். கண் சிவந்திருந்தது. "உச்சி மட்டும் மரைல கழண்டு வரும். மீதி வெளக்கு அங்கங்கயே இருக்கட்டும். மொதல்ல ஸ்ரீரங்கம், அப்பறம் எங்க ஊரு, திரும்ப ஸ்ரீரங்கம். வண்டிய எடுங்க."

"அக்கா, நான்..."

"அத அப்பறம் பேசிக்கலாம் சார்."

காவிரிப் பாலத்தில் அன்றைக்கென்று போக்குவரத்து நகரவில்லை. கீழே ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகமாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வீதியை ஒட்டிய சத்திரம் அது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு இருபது பேர், எல்லோரும் கடைக்காரனைப் பார்ப்பதற்காகவே வரிசையாக நிற்பது போல எனக்குத் தோன்றியது. ரங்கராஜன் எங்களை ஒரு அறைக்கு அழைத்துப் போனார். விளக்கு இரண்டையும் மணைப் பலகைமேல் நிறுத்தி, மேலே ஒரு புது அங்கவஸ்திரத்தைப் போர்த்தியிருந்தார்.

"தரையில வைக்க மனசு வரலே" என்றார். "நமக்கு வேண்டாததுன்னாலும், இதுக்காக எங்கேயோ ஒருத்தர் காத்துண்டிருப்பா இல்லையா?"

அவர் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். ஜெயமேரி அக்கா அங்கவஸ்திரத்தை விலக்கினார். சிலுவையைப் பார்த்ததும் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பிறகு தேங்காய் எண்ணெயை மரையில் விட்டார். ஒன்று உடனே கழன்றது. இன்னொன்று அசையவில்லை. எண்ணெய் விட்டு, துணி சுற்றி, நானும் அக்காவும் மாற்றி மாற்றித் திருகினோம். முக்கால் மணி நேரம். கடைசியில் ரங்கராஜனே வந்து அடித்தண்டைப் பிடித்துக்கொள்ள, நான் திருக, அக்கா எண்ணெய் விட, அது கழன்றது. கழன்ற வேகத்தில் நான் பின்னால் சாய்ந்து சீர்த்தட்டுகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். லட்டு. (ஒன்பதோ பத்தோ. எண்ணிச் சொல்ல யாருக்கும் மனமில்லை.)

திண்டுக்கல் ரோட்டில் போகும்போதுதான் அக்கா பேசினார்.

"கட்டம் போட்டீங்கள்ல சார் அன்னிக்கு? என்ன ஆச்சு அது?"

"தோசைக்கல்லெல்லாம் மஞ்சளாயிடுச்சுக்கா. அழிச்சுட்டேன்."

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பாரோ என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஊர்ல எங்கண்ணன்ட்ட, நான் பாத்து அனுப்புறேன்னு சொன்னேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடவுனில் இருந்திருந்தால் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார். அவரைப் பில் போட அனுப்பியது நான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. ஆயர் முன்கூட்டியே வந்துவிட்டிருந்தார். பீடத்தின் இரண்டு பக்கமும் விளக்குகள் நின்றன, ஆளுக்கொரு பூப்போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு. பங்குத்தந்தை எங்களைப் பார்த்ததும் பாதி ஓட்டமாக வந்தார்.

"ஆயர் கேட்டுட்டாரும்மா, என்ன மூடி வச்சிருக்கீங்கன்னு. நீங்கதான் தெறந்து வைக்கணும்னு அவர்ட்டயே சொல்லிட்டேன். போர்வைய எடுக்காம மாத்த முடியுமா?"

இப்படித்தான், ஐந்து வேளைத் தொழுகையும் அவ்வளவு ஒழுங்காகத் தொழாத நான், ஒரு மாதா கோவில் பீடத்தின் பக்கத்தில் போர்வைக்குள் மண்டியிட்டேன். அக்கா வெளியிலிருந்து சிலுவையை நீட்டுவார். நான் சங்கு சக்கரத்தைக் கழற்றி வெளியே கொடுப்பேன். ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாவது போர்வைக்குள் இருக்கும்போது வெளியே காலடிச் சத்தம் கேட்டு நின்றது.

"உள்ள யாருப்பா?" வயதான குரல்.

மூச்சை அடக்கிப் பார்த்தேன். பயனில்லை. என் கால் இரண்டும் வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன.

"சிராஜுதீன்ங்க ஐயா. வெளக்குக் கடை."

"என்ன பண்றீங்க?"

"மரை இறுக்குறேன்ங்க ஐயா."

"நல்லா இறுக்குங்க. எங்க ஜனங்க தொட்டுக் கும்பிடுவாங்க, கையோட வந்துறக் கூடாது" என்றார் ஆயர். காலடிச் சத்தம் தள்ளிப் போனது.

நான் இறுக்கினேன். அந்த மரையை இனி அவ்வளவு எளிதில் யாரும் கழற்ற முடியாது.

ஐந்து மணிக்கு ஆயர் போர்வைகளை விலக்கினார். ஊரே கைதட்டியது. ஜெயமேரி அக்காவின் அண்ணன் அவர் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொல்ல, அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டு ஆரம்பித்ததும் என்னிடம் சைகை காட்டினார். ஊர்ப் பந்தியில் உட்காராமலே கிளம்பினோம்.

ஸ்ரீரங்கத்துக்கு வரும்போது ஏழாக இன்னும் பத்து நிமிடம். நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்தாகிவிட்டது. அறையில் அவசர அவசரமாகத் திருகிக்கொண்டிருந்தபோது மணப்பெண் எட்டிப் பார்த்தாள். முழு அலங்காரம், கையில் மருதாணி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையாம்.

"எந்த ஸாஃப்ட்வேர் மாமா?" என்றாள்.

சொன்னேன்.

"அதுல மெர்ஜ் பண்றதுக்கு முன்னாடி மூணு தடவை கேக்குமே?"

"கேட்டதும்மா."

"நீங்க?"

"மூணு தடவையும் சரின்னேன்."

அவள் பரிதாபமாகத் தலையை ஆட்டினாள். தன் கல்யாணத்துக்கு முந்தின மாலை ஒரு பெண் அந்த முகத்தை வேறு யாருக்கும் காட்டியிருக்க மாட்டாள். விளக்குகளை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். ரங்கராஜன் ஒரு கணம் நின்று உச்சியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். லட்டு மட்டும் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

மறுநாள் காலை மச்சானிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். லட்டு உட்பட. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"மாப்ளே, நமக்கு அது பித்தளை" என்றார். "வாங்கிட்டுப் போறவங்களுக்கு அது பித்தளை இல்ல. அவங்க நம்பிக்கை நம்ம கைல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகுது. அது அமானிதம், நம்மள நம்பி ஒப்படைச்ச பொருள். அதுல ஒண்ணுக்கொண்ணு மாறலாமா?"

நான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"மென்பொருள் வேணாம்னு நான் சொல்லல. கட வளருது, வேணும்தான். ஆனா யார்ட்ட கேட்டுச் செய்யணுமோ அவங்கள கேக்காமச் செஞ்சுட்டு, அவங்களையே அனுப்பியும் வச்சீங்க பாருங்க, அது தப்பு."

தென்னூருக்கு நானே போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். பில் கவுன்டரில் ஆள்கள் காத்திருக்கும்போதே கேட்டேன், தனியாகக் கேட்டால் அது சுலபம் என்பதால். அக்கா பில் போட்டுக்கொண்டே கேட்டார். "வரேன் சார். ஆனா இனிமே எதையாச்சும் அழிக்கிறதுன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான்.

சேர்த்ததைப் பிரிக்க முடியாது என்று பெங்களூர்க்காரர்கள் கையை விரித்தார்கள். (குற்றம் சொல்ல மாட்டேன். மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள்.) பிரபுவின் மாடிக்கு ஏறிப் போனேன். அவர் அதே செருப்போடு வந்து ஜெயமேரி அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்தார். லேப்டாப்பை எட்டாவது நாள்தான் திறந்தார். அவர் செய்து கொடுத்ததில் வட்டமே கிடையாது. பார்க்கவும் அழகாக இருக்காது. நான்கு இடத்திலும் இட்லிப் பானை இப்போது இட்லிப் பானைதான்.

இதற்குப் பிறகு ஊரில் என் மரியாதை குறைந்தது என்று சொல்ல முடியாது. வீட்டில்தான் போயிற்று. இரண்டரை வருடத்துக்கு முன் மச்சானின் மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. எல்லோரும் ஆஸ்பத்திரியில் கூடியிருந்தோம். இரண்டும் ஆண். ஒரே நீளம், ஒரே எடை என்று நர்ஸ் சொன்னதும் நிலோஃபர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மச்சான் சிரிக்காமல், ரொம்பக் கவலையோடு மகளிடம் சொன்னார்: "ரெண்டையும் ஒண்ணா மாப்ள கண்ணுல காட்டாதம்மா. வீட்டுக்கு ஒண்ணத்தான் கொண்டு போக முடியும்."

பிள்ளைகள் இப்போது நன்றாகப் பேசுகிறார்கள். நாற்பத்தி நான்கு வயதில் என்னைத் தாத்தா என்று வேறு கூப்பிடுகிறார்கள். நான் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பேரும் ஓடி வருவார்கள். முதலில் சலாம். அது முடிந்ததும், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒருவரையொருவர் விரலால் காட்டிக்கொண்டு ஒரே குரலில் கத்துவார்கள்:

"தாத்தா, நான் வேற! இவன் வேற!"